வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதயம் பலவீனம்: இப்போது இ.எஃப். 52, தம்பி மாத்திரையை நிறுத்தலாமா, கபடி ஆடலாமா?

தாராபுரத்து அக்கா

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள், பாதி சொன்னால் புரியாது.

என் தம்பிக்கு 26 வயது. பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை, ஞாயிற்றுக்கிழமை என்றால் கபடி. ஊர் அணியில் ரைடர் அவன்தான். போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் வரிசையாக எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது, அப்பாவுக்கு, எனக்கு, என் மகனுக்கு, கடைசியில் அவனுக்கு. டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் வந்தது, சாதாரண வைரஸ் காய்ச்சல்தான் என்றார்கள். நாலு நாளில் எல்லோருக்கும் விட்டது, அவனுக்கும் விட்டது. ஐந்தாம் நாள் வேலைக்குப் போனான், அந்த ஞாயிறே ஆடவும் போய்விட்டான்.

அடுத்த வாரம் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், ஹாலில் லைட் எரிகிறதே என்று எழுந்து போனால் இவன் நாற்காலியில் உட்கார்ந்து மேஜைமேல் தலையைச் சாய்த்திருக்கிறான். "படுத்தா மூச்சு முட்டுது அக்கா, உட்கார்ந்தா பரவால்ல" என்றான். விடிந்ததும் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். காய்ச்சல் விட்ட அசதி, வாயு என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் அதை நம்பினோம். மூன்றாம் நாள் மாடிக்குத் துணி எடுக்கப் போனவன் நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிரணிக் கோட்டைத் தொட்டுவிட்டு வருகிறவன், பன்னிரண்டு படி ஏற முடியவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பெரிய ஆஸ்பத்திரியில் ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம்) அதிகம், ஈ.சி.ஜி.யில் மாற்றம், ஹார்ட் அட்டாக் போல இருக்கிறது என்று உடனே ஆஞ்சியோ செய்தார்கள். ரத்தக்குழாயில் ஒரு அடைப்பும் இல்லை. எக்கோ ஸ்கேனில் இ.எஃப்., அதாவது இதயம் தன்னிடம் உள்ள ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு, 32. அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்து, மயோகார்டைட்டிஸ், அதாவது வைரஸ் வந்து போன பிறகு இதயத் தசையில் வீக்கம், கூடவே வடுவும் இருக்கிறது என்றார்கள். ஒன்பது நாள் படுக்கை, அதில் நாலு நாள் ஐ.சி.யூ. மெட்டோபிரோலால், ராமிபிரில், ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் என்று நாலு மாத்திரையோடு வீட்டுக்கு வந்தான்.

ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் எக்கோவில் 52 வந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் சாமிக்குத் தேங்காய் உடைத்தோம். பிரச்சினை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. நான் சரியாகிவிட்டேன், மாத்திரை எதற்கு, பங்குனித் திருவிழாப் போட்டியில் ஆடியே தீருவேன் என்கிறான். அவனுடைய டாக்டரிடம் அடுத்த தேதி இரண்டு வாரம் கழித்துத்தான், போட்டி அதற்கு முன்பே வந்துவிடுகிறது. இன்னொரு பக்கம் ஜாதகம் பொருந்தி ஒரு பெண் வீடு வந்திருக்கிறது. அதான் சரியாகிவிட்டதே, இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்கிறார் அம்மா.

மாத்திரையை நிறுத்தலாமா? ஆடலாமா? இது திரும்ப வருமா? பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா? இதே நோய் வந்து போனவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

வைகைக்கரை

அக்கா, எனக்கு வந்தது. அதனால் எழுதுகிறேன். தம்பியையும் படிக்கச் சொல்லுங்கள்.

2013-ல் எனக்கு 30 வயது. காய்ச்சல்கூடப் பெரிதாக இல்லை, மூன்று நாள் வயிற்றுப்போக்கும் உடம்பு வலியும் மட்டும்தான். இரண்டு வாரம் கழித்துக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, இ.எஃப். 28. எனக்கும் நாலைந்து மாத்திரை. ஒரு வருடத்தில் 55 வந்தது. நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன், சரியாகிவிட்டேன் என்று. உண்மையிலேயே உடம்பில் ஒன்றும் தெரியவில்லை, படி ஏறினேன், வண்டி ஓட்டினேன், பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்று பாடம் நடத்தினேன். மாத்திரை போட்டால் தலை லேசாகச் சுற்றுகிறது, போடாவிட்டால் சுற்றவில்லை. அப்புறம் எதற்கு என்று ஒவ்வொன்றாக நானே விட்டேன். டாக்டரிடம் கேட்கவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை.

எட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தேன். அது எப்படித் திரும்பி வந்தது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது கதவைத் தட்டிக்கொண்டு வராது. முதலில் ஒரு தலையணை போதவில்லை, இரண்டு வைத்துக்கொண்டேன், மூன்றாவதும் வைத்தேன். படுக்கை சரியில்லை என்று மெத்தையை மாற்றினேன். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேலே அதன் விளிம்பு ஒரு பள்ளமாகப் பதிந்து, இரவுச் சாப்பாடு முடிகிற வரைக்கும் மறையாமல் இருந்தது. புது சாக்ஸ், இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்தேன். மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடியது, கல்யாண வீட்டுச் சாப்பாடு என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. கடைசியில் வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போதே மூச்சு நின்றுவிடும்போல ஆகி மாணவர்கள்தான் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனார்கள். இ.எஃப். 25.

இரண்டாம் முறை 55-க்கு வரவில்லை. 42-ல் நின்றுவிட்டது, இன்றுவரை அதுதான். நான் நன்றாக வாழ்கிறேன், வேலை பார்க்கிறேன், குறையொன்றும் இல்லை, ஆனால் அந்த 13 புள்ளியை நானே தூக்கிக் கொடுத்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

இப்போது தினமும் காலையில் பல் தேய்த்ததும் எடை பார்த்து காலண்டரில் அந்தந்த நாள் கட்டத்திலேயே எழுதுகிறேன். தம்பிக்கும் ஒரு எடை மெஷின் வாங்கிக் கொடுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பாடு இல்லை, நீர் சேர்கிறது என்று அர்த்தம், உடனே டாக்டருக்கு போன் செய்ய வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு இதையெல்லாம் நான் விட்டுவிட்டேன். இன்னொன்று, ஸ்பைரோனோலாக்டோனும் ராமிபிரிலும் சேர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். உடம்புக்கு நல்லது என்று தினம் இரண்டு இளநீர் வெட்டிக் கொடுக்காதீர்கள், இளநீரிலும் பொட்டாசியம் நிறைய. எனக்கு என் மாமியார் அன்பாகக் கொடுத்து ஒருமுறை 5.9 வரைக்கும் போய்விட்டது.

இதயப்பிரிவு மருத்துவர்

கார்டியாலஜியில் வேலை பார்க்கிறேன். தம்பியின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் மருந்து மாற்றச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் கேட்டதில் பொதுவாகப் பதில் சொல்லக்கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் பயமும் குறையும், அலட்சியமும் குறையும். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு தரும் சாதாரண வைரஸ்களில் சில இதயத் தசைக்குள்ளும் புகும். காக்ஸாக்கி பி இதில் பேர் போனது. 1948-ல் அமெரிக்காவில் காக்ஸாக்கி என்ற சிற்றூர்க் குழந்தைகளிடம் கண்டுபிடித்ததால் அந்த ஊர்ப் பெயரே வைரஸுக்கு வந்துவிட்டது. அடினோ, பார்வோ பி19, இன்ஃப்ளுயன்சா, கொரோனா, நம் ஊர் டெங்கு, சிக்குன்குனியா எல்லாமே இதைச் செய்யும். காக்ஸாக்கி வைரஸ் தசை செல்லுக்குள் நுழைந்ததும் ஒரு நொதியை வைத்து டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தை வெட்டுகிறது. செல்லின் சுவர் கிழியாமல் தாங்கிப் பிடிக்கிற கயிறு அது. அப்புறம் நம் எதிர்ப்புச் சக்தி வைரஸை அழிக்க வருகிறது, வந்த வேகத்தில் நல்ல தசையையும் சேர்த்து அடிக்கிறது. அதனால்தான் காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து மூச்சு வாங்குகிறது. காய்ச்சல் போய்விட்டது என்பதும் இதயம் தப்பித்துவிட்டது என்பதும் ஒன்றல்ல.

இதற்குப் பிறகு பாதிப் பேருக்கு இரண்டு முதல் நாலு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு இதயத்தின் பலவீனம் போகாமல் நீடிக்கும். மீதிப் பேருக்கு மோசமாகி, இதயம் பலூன்போல விரிந்து பம்ப் செய்யும் சக்தி குறைந்துகொண்டே போகலாம். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2013-ல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள கணக்கு இது. தம்பி 32-லிருந்து 52-க்கு வந்தது மிக நல்ல செய்தி, அதில் சந்தேகமில்லை.

மாத்திரை விஷயம். 2019-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது, லண்டனில் செய்தது. இதயம் விரிந்து பலவீனமாகி, மருந்தால் இ.எஃப். தேறி, எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்த 51 பேரை எடுத்தார்கள். 25 பேருக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் அதில் 11 பேருக்கு இதயம் மறுபடி பலவீனமானது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அந்த ஆறு மாதத்தில் ஒருவருக்குக்கூட ஆகவில்லை. வைகைக்கரை எழுதியது அவர் ஒருவரின் துரதிர்ஷ்டம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அந்த 51 பேர் எல்லோருக்கும் வைரஸால் வந்தது இல்லை. வைரஸால் திடீரென வந்து, வடு இல்லாமல் முழுதாகத் தேறினவர்களுக்கு நாங்களே பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்ப்பதும் உண்டு. ஆனால் 32 வரை இறங்கினவர், வடு இருக்கிறவர், ஐந்தே மாதம் ஆனவர், தானாக நிறுத்துவதற்கு ஒரு நியாயமும் இல்லை. தலைச்சுற்றல், வறட்டு இருமல் என்று ஏதாவது தொந்தரவு இருந்தால் சொல்லட்டும், ராமிபிரிலில் இருமல் வருவது சகஜம், மாற்று மருந்து இருக்கிறது.

கபடி. இதில் நான் கடுமையாகவே சொல்கிறேன், இந்தப் போட்டியில் ஆடக்கூடாது. இ.எஃப். என்பது ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு மட்டும்தான், மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பதை அது சொல்லாது. எம்.ஆர்.ஐ.யில் காடோலினியம் மருந்து ஏற்றிப் படம் எடுக்கும்போது நல்ல தசை கறுப்பாகத் தெரியும், வடு வெள்ளையாகத் தெரியும். மாரடைப்பில் அந்த வெள்ளை உட்பக்கத்திலிருந்து தொடங்கும், மயோகார்டைட்டிஸில் பெரும்பாலும் வெளிப்பக்க ஓரத்தில் கோடு போட்டது போல இருக்கும். அந்தக் கோட்டின் ஓரத்தில் மின்சாரம் சுற்றி வந்து தாளம் தப்பலாம், உடம்பில் அட்ரினலின் ஏறும் நேரத்தில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம். இளம் விளையாட்டு வீரர்கள் மைதானத்தில் திடீரென விழுந்து இறப்பதற்கு அறியப்பட்ட காரணங்களில் மயோகார்டைட்டிஸும் ஒன்று. அதனால்தான் மூன்று முதல் ஆறு மாதம் ஓய்வு என்று வைத்திருக்கிறோம். அதுவும் மாதக் கணக்கு முடிந்தவுடன் பச்சைக்கொடி இல்லை: ஹோல்டர் மாட்டி ஒரு நாள் அல்லது இரண்டு நாள் துடிப்பைப் பதிவு செய்ய வேண்டும், டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்க்க வேண்டும், ட்ரோபோனின் இயல்பாக வேண்டும், முடிந்தால் எம்.ஆர்.ஐ. மறுபடி எடுக்க வேண்டும்.

தம்பி விளையாட்டுக்காரர் என்பதால் அவருக்குப் புரிகிற உதாரணம் இரண்டு. பேயர்ன் மியூனிக் கால்பந்து வீரர் அல்ஃபோன்சோ டேவிஸுக்குக் கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜனவரியில் லேசான மயோகார்டைட்டிஸ் என்று தெரிந்தது, அவரை வெளியே உட்காரவைத்து ஏப்ரலில்தான் இறக்கினார்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் வீரர் எடுவார்டோ ரோட்ரிகஸ் இதே காரணத்தால் 2020 சீசன் முழுவதும் ஆடவில்லை, 2021-ல் திரும்ப வந்து ஆடினார். உட்கார்ந்ததால்தான் திரும்ப ஆட முடிந்தது.

காய்ச்சல் விட்ட அந்த ஞாயிறே ஆடினார் என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக அவரை இப்போது திட்ட வேண்டாம், நடந்தது நடந்துவிட்டது. ஆனால் மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: 1970-லேயே காக்ஸாக்கி வைரஸ் ஏற்றிய எலிகளை நீந்தவைத்துப் பார்த்திருக்கிறார்கள். சும்மா இருந்த எலிகளைவிட நீந்தினவற்றின் இதயத்தில் வைரஸ் பெருகியதும் தசை அழிந்ததும் பல மடங்கு அதிகம். காய்ச்சலோடும் காய்ச்சல் விட்ட முதல் வாரத்திலும் உடம்பைப் போட்டு வருத்தக்கூடாது என்று நம் பாட்டிமார் சொன்னது மிகச் சரி.

உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா?

தாராபுரத்து அக்கா

டாக்டர், உங்கள் கடைசி வரியைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. எங்கள் சித்தப்பா, அப்பாவுக்கு நேர் இளையவர், 38 வயதில் இறந்தார். கிணற்றுமேட்டில் மோட்டார் போடப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். கரண்ட் ஷாக் என்று சிலர், மாரடைப்பு என்று சிலர், அன்றைக்கு யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆஸ்பத்திரியில் யாரும் இதைக் கேட்கவும் இல்லை, எங்களுக்குச் சொல்லத் தோன்றவும் இல்லை. இது வைரஸால் வந்ததுதானே, இதற்கும் சித்தப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?

இதயப்பிரிவு மருத்துவர்

பயப்பட வேண்டாம், சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். ஒரே வீட்டில் நாலு பேருக்கு அதே காய்ச்சல் வந்து ஒருவருக்கு மட்டும் இதயம் ஏன் அடிபடுகிறது என்ற கேள்விக்குப் பதிலில் ஒரு பகுதி மரபணுவில் இருக்கிறது. மயோகார்டைட்டிஸ் வந்தவர்களில் சிலருக்கு இதயத் தசைப் புரதங்களின் மரபணுவில் பிறவியிலேயே மாற்றம் இருக்கிறது, டைட்டின், டெஸ்மோபிளாக்கின் இரண்டும் அதில் முக்கியமானவை. டெஸ்மோபிளாக்கினில் மாற்றம் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியும் ட்ரோபோனின் ஏற்றமும் அவ்வப்போது வந்து, பார்வைக்கு அப்படியே வைரஸ் மயோகார்டைட்டிஸ் போலவே இருக்கும். அவர்களுக்குத் தாளம் தப்பும் ஆபத்து கூடுதல் என்பதால் சிகிச்சையும் விளையாட்டு பற்றிய முடிவும் மாறும்.

ஆகவே சித்தப்பா விஷயத்தை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். இரண்டு வாரம் காத்திருக்காமல் போன் செய்து தேதியை முன்னால் வாங்குங்கள். அப்பா, நீங்கள், சித்தப்பா பிள்ளைகள் எல்லோரும் ஒரு ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துவிடுங்கள். வலி இல்லாத, கால் மணி நேர வேலை.

நெல்லைச் சீமை

நான் கேட்பது கொஞ்சம் வேறு, இங்கேயே கேட்கலாம் என்று நினைக்கிறேன். எனக்குக் கொரோனா வந்தது 2021 மே. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, வீட்டிலேயே சரியானது. அதிலிருந்து இன்றுவரை, உட்கார்ந்திருந்தால் 75 இருக்கும் துடிப்பு எழுந்து நின்றால் 120, 125. ரேஷன் கடை வரிசையில் பத்து நிமிடம் நின்றால் கண் இருட்டுகிறது. எக்கோ நார்மல், ஹோல்டரில் வேகத் துடிப்பு மட்டும். எல்லோரும் டென்ஷன், மனக்கவலை, கல்யாணம் செய்தால் சரியாகும் என்கிறார்கள். எனக்கும் இதயம் கெட்டுவிட்டதா?

இதயப்பிரிவு மருத்துவர்

உங்கள் மனதில் உள்ளது அல்ல, உடம்பில் உள்ளதுதான். நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு 30-க்கு மேல் ஏறி, ரத்த அழுத்தம் இறங்காமல் இருந்து, இது மாதக்கணக்கில் நீடித்தால் அதற்கு பாட்ஸ் என்று பெயர். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வருவது நெடுங்காலமாகத் தெரிந்தது, கொரோனாவுக்குப் பிறகு நிறையப் பேரிடம் பார்க்கிறோம். இதயத் தசை நன்றாக இருக்கிறது, துடிப்பையும் ரத்தக்குழாய்களையும் கட்டுப்படுத்தும் நரம்புகள்தான் தடுமாறுகின்றன. ரத்தசோகையும் தைராய்டும் இல்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் அறிவுரை தலைகீழ்: தாராபுரத்துத் தம்பிக்கு உப்பைக் குறைக்கச் சொல்கிறோம், உங்களுக்கு ரத்த அழுத்தம் அதிகமாக இல்லாவிட்டால் உப்பும் தண்ணீரும் கூட்டச் சொல்வோம். இடுப்பு வரைக்கும் இறுக்கமான காலுறை, படுத்தபடியும் உட்கார்ந்தபடியும் செய்யும் பயிற்சி. போதாவிட்டால் ப்ரோப்ரனலால் அல்லது ஐவாப்ரடின். ஒரே இழையில் இரண்டு நோய் இருப்பதால் ஒருவர் மருந்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கரூர் கணேசன்

எல்லோரும் வைரஸ் வைரஸ் என்கிறீர்கள். கொரோனா ஊசி போட்ட பிறகுதானே இளவயதுப் பிள்ளைகள் பொத்துப் பொத்தென்று விழுகிறார்கள்? எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். இதை யாரும் பேசுவதில்லை.

இதயப்பிரிவு மருத்துவர்

பேசுவோம் ஐயா, உங்கள் தெருவில் இரண்டு இளைஞர்களைப் பறிகொடுத்த பிறகு அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஃபைசர், மாடர்னா போன்ற எம்.ஆர்.என்.ஏ. ஊசிகளால், அதிலும் இரண்டாம் டோஸ் போட்ட இளைஞர்களுக்கு, அரிதாக மயோகார்டைட்டிஸ் வந்தது உண்மை, அதை யாரும் மறைக்கவில்லை, பெரும்பாலானோர் சீக்கிரம் தேறினார்கள். ஆனால் நம் ஊரில் ஏறக்குறைய எல்லோருக்கும் போட்டது கோவிஷீல்டும் கோவேக்சினும், அவை அந்த வகை அல்ல. திடீர் மரணம் பற்றி ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நாடு முழுவதும் 47 மருத்துவமனைகள் வழியாக ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டது. 18 முதல் 45 வயதில் இறந்த 729 பேரை 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். ஊசி ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை எவை என்றால் முன்பு கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம், இறப்பதற்கு 48 மணி நேரத்துக்குள் அளவுமீறிக் குடித்தது, அதே 48 மணி நேரத்துக்குள் கடுமையான உடற்பயிற்சி. இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கும் விஷயங்கள்தான் அதில் இரண்டு.

கொரோனா நோயே இதயத்தில் விட்டுப்போவது என்ன என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரில் கொரோனா வந்த ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் எடுத்து ஒரு வருடம் கவனித்து 2022-ல் நேச்சர் மெடிசின் இதழில் எழுதினார்கள். கொரோனா வராதவர்களைவிட ஆயிரத்துக்குக் கூடுதலாகச் சுமார் 12 பேருக்கு இதயச் செயலிழப்பு. அவர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

குன்னூர் அம்மா

கல்யாண விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மகளே, சொல்லிவிடு. நிச்சயத்துக்கு முன்னாலேயே, உன் அப்பா வாயால், ஃபைலைக் கையில் கொடுத்துச் சொல்லட்டும்.

என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எங்களிடம் ஒரு விஷயத்தை மறைத்தார்கள். நோய் பெரிதில்லை, மருந்தில் அடங்கி இருக்கிறது. ஆனால் கல்யாணமான மூன்றாம் மாதம் மாப்பிள்ளை குளியலறையில் ஒளித்து மாத்திரை போடுவதை அவள் பார்த்தாள். அன்றைக்கு அவள் எனக்கு போன் செய்து அழுதது நோய்க்காக இல்லை, தன்னிடம் ஒளித்தார்களே என்பதற்காக. ஒளித்துப் போடுகிறவர்கள் ஊருக்குப் போனால், விருந்தாளி வந்தால் மாத்திரையை விட்டுவிடுவார்கள். உன் தம்பிக்கு அது ஆகுமா, அந்த வாத்தியார் எழுதியதைப் படித்தாய் அல்லவா?

வேண்டாம் என்கிற வீடு போகட்டும். சரி என்கிற வீட்டில் அந்தப் பெண் காலையில் காபியோடு மாத்திரையையும் எடுத்து வைப்பாள்.

தாராபுரத்து அக்கா

இருபது நாள் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

தேதியை முன்னால் வாங்கிப் போனோம். சித்தப்பா கதையைச் சொன்னதும் டாக்டர் பேனாவை வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். ஹோல்டர் 48 மணி நேரம் மாட்டினார்கள். கூடுதல் துடிப்புகள் அங்கங்கே இருக்கின்றன, தொடர்ச்சியாக எதுவும் இல்லை. ஆடி மாதம் எம்.ஆர்.ஐ. மறுபடி எடுத்து, டிரெட்மில்லும் பார்த்த பிறகுதான் விளையாட்டைப் பற்றிப் பேச்சு, அதுவரைக்கும் தினம் நாற்பது நிமிடம் நடை மட்டும். மாத்திரை நாலும் தொடர வேண்டும். வலி நிவாரணி மாத்திரைகளைக் கேட்காமல் வாங்கிப் போடக்கூடாது என்றும் சொன்னார், கபடிக்காரர்கள் டைக்ளோஃபினாக்கை மிட்டாய் மாதிரி போடுவார்கள், எனக்கே தெரியும். அப்பாவுக்கும் எனக்கும் எக்கோ நார்மல். சித்தப்பாவின் மகனுக்கு அடுத்த வாரம். தம்பியின் ரத்தம் மரபணுப் பரிசோதனைக்குப் போயிருக்கிறது, ரிசல்ட் வர ஆறு வாரம் ஆகுமாம்.

பெண் வீட்டில் அப்பா சொன்னார். அவர்கள் முகம் கொஞ்சம் மாறியது, ஃபைலை வாங்கி எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, கோயம்புத்தூரில் தெரிந்த டாக்டரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் பதில் வரவில்லை. அம்மா என்னிடம் நாலு நாள் பேசவில்லை, இப்போது பேசுகிறார்.

தம்பியை மாற்றியது நானும் இல்லை, டாக்டரும் இல்லை என்று நினைக்கிறேன். வைகைக்கரை அண்ணன் எழுதிய அந்தச் சாக்ஸ் விஷயத்தை அவன் போனில் வைத்து இரண்டு மூன்று தடவை படித்துக்கொண்டிருந்தான். அடுத்த நாள் சாயங்காலம் ஷூவைக் கழற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்து கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்ததை நான் பார்த்தேன். பள்ளம் விழவில்லை. திருவிழாப் போட்டிக்குப் போனான், ஆடவில்லை. கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்கோர் எழுதினான். இவன் இடத்தில் ரைடுக்குப் போன பையன் அரையிறுதியில் மாட்டிக்கொண்டபோது எழுந்து நின்றுவிட்டான், அப்புறம் தானாக உட்கார்ந்தான். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் மெட்டோபிரோலால் போட்டாயா என்று நான் கேட்பதற்கு முன்பே பாக்கெட்டிலிருந்து காலி அட்டையை எடுத்துக் காட்டினான்.

வைகைக்கரை அண்ணா, அந்த எடை மெஷின் எந்த மாதிரி வாங்க வேண்டும், டிஜிட்டலா, முள் வைத்ததா?

வைகைக்கரை

டிஜிட்டல் வாங்குங்கள், நூறு கிராம் வித்தியாசமும் தெரிய வேண்டும். சமதளமான தரையில் வைத்து, தினமும் அதே இடத்தில், சாப்பிடுவதற்கு முன்னால் ஏறச் சொல்லுங்கள். ஆடி எம்.ஆர்.ஐ. எடுத்ததும் இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.